கோபத்தைத் தொலைத்துவிட்டு வந்த ஓரெஸ்ட் மாமா

இந்தப் பூமியில் இதுவரை பிறந்த, இனிமேல் பிறக்கப்போகிற அத்தனை மனிதர்களையும் கோபத்தின்படி வரிசையில் நிறுத்தினால், எங்கள் ஓரெஸ்ட் மாமாவுக்கு அடுத்த ஆள் நாலு ஊர் தள்ளித்தான் நிற்க வேண்டியிருக்கும். அவர் பிறந்த அன்று மருத்துவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். மாமா திருப்பித் தட்டினார். அந்த மருத்துவர் அதோடு தொழிலை விட்டுவிட்டுக் கோதுமை விதைக்கப் போய்விட்டார். மாமா முறைத்தால் ஏரி ஐஸில் விரிசல் விழும். ஒரு பிப்ரவரியில் அவர் பல்லைக் கடித்த சத்தத்தைக் கேட்டு, வசந்தம் வந்துவிட்டது என்று நினைத்து ஒரு கரடி குகையைவிட்டு எழுந்து வந்தது. இவரைப் பார்த்ததும் மன்னிப்புக் கேட்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போய்ப் படுத்துவிட்டது.

இதில் பாதி ஊர் கிளப்பிவிட்டது. மீதி நான் கிளப்பிவிட்டது. எது யாருடையது என்று இப்போது எனக்கே மறந்துவிட்டது.

ஓரெஸ்ட் பாவ்லுக் என்பது முழுப்பெயர். கனடாவில், சஸ்காட்செவானில் எங்கள் ஹார்க்னஸ் ஊர்க்காரர், என் அம்மா லரீசாவின் ஒரே தம்பி. கோபம் அவருக்குக் குணம் இல்லை, உத்தியோகம். நகரத்துப் பெரிய ஐஸ் ஹாக்கி அணியில் மற்றவர்கள் வட்டை அடிப்பதற்குச் சம்பளம் வாங்கினார்கள், மாமா ஆளை அடிப்பதற்கு வாங்கினார். எங்கள் ஆட்களில் எவனையாவது எதிரணிக்காரன் அநியாயமாக இடித்துவிட்டால் பயிற்சியாளர் பெஞ்சில் திரும்பிப் பார்ப்பார். மாமா எழுந்து போவார். அவ்வளவுதான் வேலை. இத்தனை வருஷத்தில் அவர் போட்ட கோல்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதிலும் ஒன்று யாரோ அடித்து, இவர் பின்புறத்தில் பட்டுத் தெறித்து உள்ளே போனது. அம்மா அந்தப் படத்தைத்தான் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள்.

ஐஸ் மேல் சண்டை என்றால் கண்டபடி அடித்துக்கொள்வது என்று நினைத்துவிடக் கூடாது. அதற்கு ஒரு முறை இருக்கிறது. பக்கத்தில் போய், "வச்சுக்கலாமா?" என்று கேட்க வேண்டும். அவன் சம்மதித்தால் இருவரும் கையுறையைக் கீழே போட வேண்டும். கையுறை போட்டிருக்கிறவனைத் தொடக் கூடாது. விழுந்துவிட்டவனை அடிக்கக் கூடாது. பெண் பார்க்கப் போகிற வீட்டில்கூட இவ்வளவு மரியாதை கிடைக்காது. மாமாவின் கையுறை தொளதொளவென்று இருக்கும். கையை ஓர் உதறு உதறினால் போதும், இரண்டும் தானாகக் கீழே விழுந்துவிடும். அதைப் பார்த்ததுமே அரங்கத்தில் கூரை அதிரும்.

நிஜமாகவே அவருக்குக் கோபம் வருகிற விஷயம் ஒன்றே ஒன்று உண்டு. ஆட்டத்துக்கு முன்னால் மட்டையில் கறுப்பு நாடாவைச் சுற்றி, சுவரில் சாய்த்து வைப்பார். அப்புறம் அதை யாரும் தொடக் கூடாது, தாண்டவும் கூடாது. எனக்கு ஆறு வயதிருக்கும்போது அந்த மட்டையை எடுத்துக்கொண்டு பூனையை விரட்டினேன். மாமா வெறும் காலுறையோடு பனியில் இறங்கி, தேவாலயத்தைச் சுற்றிச் சுற்றி என்னைத் துரத்தினார். பாதிரியார் ஜன்னலைத் திறந்து, யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் இரண்டு பேரையும் ஆசீர்வதித்தார். அன்றிலிருந்து குளிர்காலத்துக்கு ஒரு தடவையாவது மட்டையைத் தொட்டுவிட்டு ஓடுவது என் வழக்கம். துரத்துவது அவர் வழக்கம்.

போன வசந்தத்தில் மட்டும் நான் தொடவில்லை. சீசனின் கடைசிச் சண்டையில் தலையில் அடிபட்டு ஊருக்கு வந்தவர், எங்கள் வீட்டுக் கீழறையில் திரையை இழுத்துவிட்டு, விளக்குப் போடாமல், கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரல் எல்லாம் வெந்த கிழங்கு மாதிரி வீங்கி, கரண்டி பிடிக்க வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சட்டைக்கு அம்மாதான் பித்தான் போட்டுவிட்டாள். ஒருநாள் நான் சூப் எடுத்துக்கொண்டு போனேன். நிமிர்ந்து பார்த்து, "நீ யார் வீட்டுப் பொண்ணும்மா?" என்று மரியாதையாகக் கேட்டார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஞாபகம் வந்துவிட்டது. எனக்கு அப்புறம் அந்த வருஷம் குறும்பு எதுவும் தோன்றவில்லை. தோன்றவில்லை, அவ்வளவுதான்.

செப்டம்பரில் முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் வருமானத்தைப் பங்கு பிரிப்பதில் தகராறு முற்றி, முதலாளிகள் கதவடைப்பு செய்துவிட்டார்கள். சனிக்கிழமை மாலை தொலைக்காட்சியில் ஹாக்கி இல்லை. எங்கள் ஊர் ஆண்கள் வேறு வழியில்லாமல் மனைவியோடு பேசத் தொடங்கினார்கள். இரண்டு வீடுகளில் அது நல்லபடியாக முடியவில்லை.

வேலை இல்லாத ஆட்டக்காரர்கள் கடல் கடந்தார்கள். பெயர் பெற்றவர்களை ரஷ்யாவும் சுவிட்சர்லாந்தும் கூப்பிட்டன. மாமாவை ஃபின்லாந்தில், இரண்டாம் தரப் போட்டியில் ஆடுகிற ஒரு குட்டி ஊர் கூப்பிட்டது. அவர்கள் கூப்பிட நினைத்தது வேறொரு பாவ்லுக்கை. இவர் விமானத்தைவிட்டு இறங்கிய பிறகுதான் அது தெரிந்தது. திருப்பி அனுப்ப வெட்கப்பட்டுக்கொண்டு வைத்துக்கொண்டார்கள்.

முதல் ஆட்டத்திலேயே மாமா கடமையைச் செய்யப் போயிருக்கிறார். எதிரணியில் உயரமான ஒருவனிடம் போய், "வச்சுக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். அவன் யோசித்துவிட்டு, "இப்பவா? நாளைக்குக் காலையில எனக்குப் பள்ளிக்கூடத்துல கணக்கு வகுப்பு இருக்கு. ஆட்டம் முடிஞ்சதும் நீராவிக் குளியலுக்கு வாங்களேன், அங்க பேசிக்கலாம்" என்றானாம். மாமா போனார். தினமும் போனார்.

"ஒட்டுத்துணி இல்லாம பக்கத்துல உக்காந்து, 'இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்தவா, சூடு போதுமா'ன்னு கேக்கிறவன எப்படிக்கா முறைக்கிறது?" என்று பிறகு அம்மாவிடம் கேட்டார்.

இன்னொன்று, அங்கே ஐஸ் எங்கள் ஊர் ஐஸைவிட அகலம். ஒருவனை இடிக்கலாம் என்று போனால், போய்ச் சேர்வதற்குள் அவன் வேறெங்கோ இருப்பான். துரத்திக் களைத்துப்போன மாமா, ஓரமாக அகலமாய் ஒரு வட்டமடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார். சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறவரிடம் வட்டு தானாக வந்து சேர்ந்தது. அடித்தார், உள்ளே போனது. மறுபடி வந்தது, மறுபடி அடித்தார். கிறிஸ்துமஸுக்குள் அந்த அணியிலேயே அதிகக் கோல் போட்டவர் எங்கள் மாமா. அங்கே அப்படிப்பட்டவருக்குத் தங்க நிறத்தில் தலைக்கவசம் போட்டுவிடுவார்கள். ஆட்ட நாயகனுக்குப் பரிசாகப் புகையில் வாட்டிய மீன் கொடுப்பார்கள். பத்து வருஷம் மூக்கு உடைத்தவருக்குத் தங்கக் கவசமும் மீனும்.

ஜனவரியில் தகராறு தீர்ந்தது. ஆட்டக்காரர்கள் எல்லாம் பெட்டியைக் கட்டிக்கொண்டு பறந்து வந்தார்கள். மாமாவும் வந்தார், பெட்டி நிறைய மீனோடு. தங்கக் கவசத்தை அந்த ஊர்க்காரர்கள் வேறு யாருக்கும் கொடுக்காமல் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார்களாம், இவர் முடிவு சொல்கிறவரைக்கும்.

வந்த முதல் காலையே எங்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தார். பூனைக்கு வணக்கம் சொன்னார். எதைக் கொடுத்தாலும் "கீட்டோஸ்" என்றார். அவர்கள் ஊரில் நன்றி. தேவாலயத்துக்குக் கிளம்பும்போது அம்மா வழக்கம்போலப் பித்தான் போட்டுவிடப் போனாள். கழுத்துவரைக்கும் ஏற்கெனவே போட்டிருந்தது. விரல்கள் விரல்கள் மாதிரியே இருந்தன. அம்மா மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"தம்பி, உன்ன எவனோ மாத்தி அனுப்பிட்டான்டா."

அன்று மத்தியானம் மெர்வ் தொலைபேசியில் கூப்பிட்டார். மெர்வ் நகரத்து அணிக்காக எங்கள் பக்கத்து ஊர்களில் ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடிக்கிறவர். குடுவையில் காப்பியும் மடியில் கம்பளியுமாக ஊர் ஊராகப் போய் வேடிக்கை பார்ப்பதுதான் அவர் பிழைப்பு. விஷயம் இதுதான். மாமாவின் ஒப்பந்தம் போன வசந்தத்தோடு முடிந்துவிட்டது. அடுத்த ஞாயிறு நகரத்தில் பயிற்சி முகாம். மாமாவின் இடத்துக்கு, கதவில் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைய முடிகிற ஒரு சின்னப் பையனையும் வரச்சொல்லியிருக்கிறார்கள். மாமா பழைய மாமாதான் என்று மெர்வ் சொன்னால் இடம் அவருக்கு.

"சனிக்கிழமை உங்க ஊர் அணியில ஆடு, நான் பாக்க வரேன், ஓரெஸ்ட். ஒரே ஒரு தடவை கையுறையக் கழட்டு. பாத்துட்டு நகரத்துக்குச் சொல்லிடறேன்."

மாமா குளியலறைக் கண்ணாடியில் முறைத்துப் பழகினார். நான் கதவிடுக்கில் பார்த்தேன். சாவியை எங்கே வைத்தோம் என்று யோசிக்கிற ஆள் மாதிரி இருந்தது.

"தானிஸ், இங்க வா. ஒளிஞ்சுகிட்டு நிக்காத. உனக்கு ஒரு வேலை."

"நான் எதுவும் செய்யல மாமா."

"செய்யணும். அதான் வேலையே. எனக்குக் கோபம் வரவைக்கணும்."

"எவ்வளவு வேணும்?"

"ரோலிய அடிக்கிற அளவுக்கு."

ரோலி டெஜார்லே, சனிக்கிழமை எங்களோடு ஆடப்போகிற பக்கத்து ஊர் அணியின் அடிதடிக்காரர். வார நாட்களில் எங்கள் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறவர். வெள்ளிக்கிழமைகளில் எல்லாருக்கும் புதினா மிட்டாய் கொடுப்பார்.

"ரோலி மாமாவையா? அவரு பாவம் மாமா."

"அதான் பிரச்சனை. இப்ப எனக்கும் அவரு பாவமாத்தான் தெரியறாரு."

"முன்னெல்லாம் எப்படி வரவைப்பீங்க?"

"முன்னெல்லாம் வரவைக்கவே வேணாம். ஏப்பம் மாதிரி தானா வரும்." பிறகு துண்டை மடித்துக்கொண்டே சொன்னார்: "இன்னும் ஒரே ஒரு சீசன்டி. அந்தக் கூரைக்குக் கீழ என் பேரச் சொல்லி ஜனங்க கத்துறத இன்னொரு தடவை கேட்டுட்டு, நானா நிறுத்திக்கிறேன். அவங்களா நிறுத்திட்டாங்கன்னு இருக்கக் கூடாது. இந்த ஊர்ல அடுத்தவனுக்குக் கோபம் வரவைக்க உன்ன விட்டா யாரு இருக்கா?"

உண்மைதான். இந்த விஷயத்தில் எனக்குத் தன்னடக்கம் கிடையாது. பள்ளிக்கூடத்திலேயே மூன்று ஆசிரியர்கள் என்னால் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

காப்பியில் உப்புப் போடுவதில் தொடங்கினேன். ஒரு மிடறு குடித்து, உதட்டைத் துடைத்துக்கொண்டு, "கீட்டோஸ். நேத்து வியர்த்ததெல்லாம் திரும்பி வந்துருச்சு" என்றார்.

பயிற்சிக்குப் போகும்போது அவர் சறுக்குக் காலணியின் இரும்பு விளிம்பில் கண்ணாடி போன்ற ஒட்டுநாடாவை ஒட்டினேன். ஐஸில் கால் வைத்ததும் அவர் மல்லாந்து விழுந்து, வலைவரைக்கும் வழுக்கிக்கொண்டு போய், வலைக்குள் படுத்துக்கொண்டார். அங்கே பழகிக்கொண்டிருந்த வாண்டுகள் இன்னொரு தடவை என்று கேட்டன. இன்னொரு தடவை செய்து காட்டினார்.

உள்ளூர் வானொலிக்குப் போன் போட்டு, அம்மா குரலில், ஓரெஸ்ட் பாவ்லுக் ஹாக்கியை விட்டுவிட்டுப் பாட்டுக்கு ஆடுகிற ஐஸ் நடனத்தில் சேரப்போகிறார் என்று சொன்னேன். மதியச் செய்தியில் வாசித்தார்கள். மாமா வானொலிக்குப் போன் போட்டார். நானும் அம்மாவும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். அவர் வகுப்பு எந்தக் கிழமை என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் செய்யக் கூடாததைச் செய்தேன். குளிர் மைனஸ் முப்பதுக்கும் கீழே போயிருந்த ராத்திரி, இன்ஜின் உறைந்துபோகாமல் விடியும்வரை சூடேற்றிக்கொண்டிருக்கிற அவர் வண்டியின் மின்கம்பியைச் செருகியிலிருந்து பிடுங்கிவிட்டேன். எங்கள் பக்கத்தில் கொலை செய்தவனோடுகூட உட்கார்ந்து பேசுவார்கள். வண்டிக் கம்பியைப் பிடுங்கியவனோடு பேச மாட்டார்கள். காலையில் இன்ஜின் கல்லாகிக் கிடந்தது. தெருவே ஜன்னலுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. மாமா பிடுங்கிக் கிடந்த கம்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வண்டி மூக்கில் மெல்லத் தட்டிக்கொடுத்து, "தூங்கட்டும் பாவம்" என்றார். அரங்கத்துக்கு நடந்தே போனார். திரும்பி வரும்போது புருவமெல்லாம் வெள்ளை பூத்திருந்தது.

மிச்சமிருந்த மீனைப் பூனைக்குப் போட்டேன். அப்போதுதான் அவருடைய இடது புருவம் கொஞ்சம் அசைந்தது. நாங்கள் எல்லாரும் முன்னால் குனிந்தோம். "அதுக்கும் பசிக்கும்ல" என்றார்.

அம்மா உருளைக்கிழங்கு வைத்த பெரோகிக் கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்துகொண்டே பொறுமையிழந்தாள். "இதெல்லாம் என்னடி விளையாட்டு? மட்டையத் தொட்டுட்டு ஓடு. ஒரு நிமிஷத்துல வேலை முடிஞ்சிரும்."

"அதெல்லாம் சின்னப் பிள்ளைத்தனம்மா. ஒரு குறும்பையே திருப்பித் திருப்பிப் பண்றவ நானில்ல."

"வருஷா வருஷம் பண்றியே?"

"அதான் சலிச்சுப்போச்சு."

வெள்ளிக்கிழமை மாலை, கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். வண்டிக் கொட்டகையில் மாமாவின் கையுறைகள் அடுப்புப் பக்கம் ஆணியில் காய்ந்துகொண்டிருந்தன. அவருடைய மீன்பிடிப் பெட்டியிலிருந்து தூண்டில் நரம்பை எடுத்து, கையுறையின் மணிக்கட்டுப் பகுதியில் உள் துணிக்குள்ளே ஒரு சுருக்குப் போட்டுத் தைத்தேன். கை உள்ளே போகும்போது ஒன்றும் தெரியாது. உதறினால் இறுகும். மேலும் உதறினால் மேலும் இறுகும். ஊரே கூடியிருக்கும்போது, மெர்வ் பார்த்துக்கொண்டிருக்கும்போது, கையுறை கழலாமல் நின்றால் எப்பேர்ப்பட்ட முனிவனுக்கும் ரத்தம் கொதிக்கும். அதுதான் என் கணக்கு. வேறு கணக்கு எதுவும் இல்லை.

பக்கத்திலேயே மட்டை நின்றது, புதுக் கறுப்பு நாடா சுற்றி. நான் அதைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் கம்பளிகளும் காப்பிக் கோப்பைகளுமாக ஊர் முழுக்க அரங்கத்தில் இருந்தது. மேல் வரிசையில் மெர்வ், மடியில் குடுவை. தவறு செய்கிற ஆட்டக்காரர்கள் உட்காருகிற தண்டனைப் பெட்டிக்குக் கதவைத் திறந்து மூடுவது என் பொறுப்பு. ஊரில் இருக்கிறதிலேயே எல்லாரையும் திட்டுவதற்கு வசதியான இடம் அது.

மாமா முதல் தடவை வட்டோடு கிளம்பினார். ஃபின்லாந்தில் பழகிய அழகான அகல வட்டமாக அடித்தார். அங்கே நாலடி ஐஸ் இருக்கிற இடத்தில் எங்கள் ஊரில் சுவர் இருக்கிறது. யாரும் தொடாமலே தானாகப் போய் மோதினார். சவப்பெட்டிக்காரர் மாட்டியிருந்த விளம்பரப் பலகை, 'எப்போது வந்தாலும் வரவேற்போம்' என்று எழுதியது, கழன்று அவர் மேலேயே விழுந்தது. சவப்பெட்டிக்காரர் எழுந்து நின்று கைதட்டினார். கொஞ்ச நேரத்தில் அதே இடத்தில் இன்னொரு தடவை மோதினார். காலுக்குப் புத்தி வருவதற்குக் கொஞ்சம் நாள் ஆகும்போல.

ஆட்டம் முடிகிற கட்டத்துக்கு வந்தது. மெர்வ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதை மாமாவும் பார்த்தார். என் பெட்டிக்கு நேர் எதிரே, நடுவர் வட்டைப் போட்டு ஆட்டத்தை மறுபடி தொடங்குகிற இடத்தில், மாமா ரோலிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து நின்றார்.

"ரோலி, வச்சுக்கலாமா?"

"என்ன ஓரெஸ்ட், நெஜமாவா? அக்கா சௌக்கியமா?"

"சௌக்கியம். வச்சுக்கலாமா?"

"உனக்காக வேணா வச்சுக்கறேன். திங்கக்கிழமை வண்டி ஓட்டணும், கண்ணுல மட்டும் வேணாம்."

"சரிங்க. கீட்டோஸ்."

வட்டு விழுந்தது. ரோலி கையுறைகளை வீசிவிட்டு முஷ்டியைத் தூக்கினார். அரங்கம் எழுந்து நின்றது. மாமா கையை உதறினார்.

கையுறை விழவில்லை. இன்னொரு தடவை உதறினார். குளித்துவிட்டு வந்த கோழி மாதிரி இரண்டு கையையும் உதறினார். முழங்கால் இடுக்கில் வைத்து இழுத்தார். பல்லால் கடித்து இழுத்தார். ரோலி முஷ்டியைத் தூக்கியபடியே காத்திருந்தார். கையுறை போட்டவனைத் தொடக் கூடாது.

"கழட்டுய்யா, கை குளிருது."

"கழற மாட்டேங்குது."

"இடது கையப் பாரு."

"அதுவும்தான்."

"கொண்டா இங்க." ரோலி முஷ்டியை இறக்கிவிட்டு, மாமாவின் வலது கையுறையைப் பிடித்து இழுத்தார். மாமா ஐஸில் முழுசாக வழுக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே போனார். நடுவராக நின்ற மருந்துக்கடைக்காரர் பொறுக்க முடியாமல் வந்து, மாமாவின் இடுப்பைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தார். இரண்டு பேரும் தேர் வடம் மாதிரி இழுத்தார்கள். ஜனங்கள் "ஏலேலோ" என்று கத்தாத குறை. தின்பண்டக் கடை வைத்திருக்கிற பெண் ஒரு கட்டி வெண்ணெயை, ஐஸைச் சுற்றியிருக்கிற கண்ணாடித் தடுப்புக்கு மேலாக வீசினாள். அது ரோலியின் காலடியில் விழுந்து, ரோலி பொத்தென்று உட்கார்ந்தார்.

"இப்ப விழுந்துட்டேன். அடிக்கக் கூடாது" என்றார் ரோலி.

"எதால அடிக்கிறது?" என்று கேட்டார் மாமா.

அங்கேதான் எல்லாம் கெட்டது. மாமா சிரித்துவிட்டார். முதலில் தோள் குலுங்கியது, அப்புறம் வயிறு, அப்புறம் இரண்டு கையுறையாலும் முகத்தை மூடிக்கொண்டு ரோலி பக்கத்திலேயே ஐஸில் உட்கார்ந்துவிட்டார். மருந்துக்கடைக்காரர் ஊதலை ஊதி, ஆட்டத்தைத் தாமதப்படுத்தியதற்காக மாமாவுக்கு இரண்டு நிமிடத் தண்டனை கொடுத்தார். சண்டைக்காக எத்தனையோ தடவை பெட்டியில் உட்கார்ந்தவர், சண்டை போட முடியாததற்காக உட்கார வந்தது அதுதான் முதல் தடவை. கதவை நான்தான் திறந்துவிட்டேன்.

அவர் உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே மெர்வ் குடுவையை மூடிக்கொண்டு படியிறங்கி, பெட்டிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"ஓரெஸ்ட், நகரத்துக்கு நான் என்னன்னு சொல்றது?"

"பாத்தத சொல்லுங்க."

"கோபக்காரன் ஒருத்தன் வேணும்னு கேட்டாங்க. இங்க ஒருத்தன் சிரிச்சுகிட்டு உக்காந்திருக்கான். அவங்க அந்தப் பையனத்தான் எடுப்பாங்க." கொஞ்சம் நின்று, "ஃபின்லாந்துல திரும்பக் கூப்பிடறாங்களாமே?" என்றார்.

"கூப்பிடறாங்க."

"அங்க அடிக்கச் சொல்ல மாட்டாங்களா?"

"குளிக்கத்தான் சொல்வாங்க."

மெர்வ் கண்ணாடியில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டார். மாமா தலையைத் தூக்கி எங்கள் அரங்கத்துக் கூரையைப் பார்த்தார். தகரக் கூரை. குருவி கூடு கட்டியிருக்கிற கூரை. அவர் நினைத்துக்கொண்டிருந்த கூரை அது இல்லை என்று எனக்குத் தெரியும். சிரிப்பு முகத்தைவிட்டு இறங்கிவிட்டது. அவர் இவ்வளவு சத்தமில்லாமல் இருந்து நான் பார்த்தது கீழறையில்தான்.

"இப்ப கோபம் வருதா மாமா?" என்று கேட்டேன்.

"இரு. தேடிகிட்டிருக்கேன்."

இடது கையுறையின் விளிம்பை முழங்காலில் தேய்த்து மடக்கி, உள்ளே எட்டிப் பார்த்தார். நரம்பின் நுனியைப் பல்லில் பிடித்துச் சுருக்கைத் தளர்த்தினார். இடது கை வெளியே வந்தது. அந்தக் கையால் வலது கையுறையின் முடிச்சைப் பிரிக்க ஆரம்பித்தார். மெல்லிய நரம்பு, மயிரிழை மாதிரி. கண்ணுக்கே சரியாகத் தெரியாது. போன வசந்தத்தில் கரண்டி பிடிக்க வராத அந்த விரல்கள் அவசரமில்லாமல் ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தன. ஒரு நடுக்கம் இல்லை. நான் ஆட்டத்தைப் பார்க்கிற மாதிரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது என் தூண்டில் நரம்பு" என்றார்.

"கோபம் வரவைக்கத்தான் மாமா. நீங்கதானே கேட்டீங்க. ஊர் முன்னாடி மானம் போனா வந்துரும்னு நெனச்சேன்."

"ம். சண்டைக்குக் கோபம் வரவைக்கிறவ, சண்ட போட முடியாம கையக் கட்டுவாளா?"

"அந்தளவுக்கு யோசிக்கல."

"யாரு, நீயா?"

ஐஸில் யாரோ யாரையோ இடித்தார்கள். நான் பார்க்காமலே "அடடா" என்றேன்.

மாமா பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த மட்டையை எடுத்தார். கறுப்பு நாடா சுற்றிய முனை என் பக்கம் இருக்கிற மாதிரி, என் மடிக்குக் குறுக்கே படுக்க வைத்தார். நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டேன்.

"உப்புப் போட்ட. காலணியில நாடா ஒட்டின. வானொலில சொன்ன. வண்டிக் கம்பியப் பிடுங்கின. மீனப் பூனைக்குப் போட்ட. எதத் தொட்டா எனக்குக் கோபம் வரும்னு இந்த ஊர்ல அந்தப் பூனைக்குக்கூடத் தெரியும். வாரம் முழுக்க இது உன் கண்ணு முன்னாடிதான் நின்னுது." குனிந்து என் முகத்தைப் பார்த்தார். "இத மட்டும் ஏண்டி தொடல?"

"நேரம் ஆச்சு மாமா. எந்திரிங்க, கதவத் திறக்கறேன்."

மாமா அசையவில்லை. தண்டனைக் கடிகாரத்தை நோக்கி விரலை நீட்டினார். இன்னும் ஒரு முழு நிமிடம் மீதி இருந்தது.